சர்க்கரையில் மாவுச்சத்து: அந்த நீல நிறம் என்ன சொல்கிறது?

போன தீபாவளிக்கு முந்தின வாரம், தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் பெரியம்மா வீட்டில் பலகாரம் செய்து கொண்டிருந்தோம். பெரியம்மாவின் பேரனுக்குப் பள்ளியில் அன்றைக்குத்தான் அயோடின் சோதனை காட்டியிருக்கிறார்கள். காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை எடுத்து வந்து, கண்ணில் பட்டதிலெல்லாம் சொட்டு விட்டுக் கொண்டிருந்தான். வடித்த கஞ்சி நீலமானது. உருளைக்கிழங்கு கறுத்தது. அப்புறம் மூன்று கிண்ணங்களில் மூன்று வகைச் சர்க்கரையைக் கரைத்து வைத்தான். ஐசிங் சுகர் கரைத்த தண்ணீரில் கருநீலப் பொடி சுழன்று அடியில் படிந்தது. பழுப்புச் சர்க்கரை லேசாகப் பச்சையும் நீலமும் கலந்த நிறத்துக்கு மாறியது. வெள்ளைச் சர்க்கரையில் மருந்தின் நிறம் மட்டும்தான் தெரிந்தது.

பெரியம்மா என்னைப் பார்த்தார். "பாத்தியாம்மா? சக்கரையில மாவு கலக்குறாங்கன்னு நான் சொன்னா யாரும் நம்பல. நீ மில்லு லேப்ல இருந்தவதானே, நீயே சொல்லு."

டர்பனுக்கு வடக்கே, நேட்டால் கடற்கரைப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையின் ஆய்வகத்தில் 28 வருஷம் வேலை செய்தவள் நான். சர்க்கரையில் மாவுச்சத்து எவ்வளவு என்று அளப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. அதைப் பற்றி வெளியே பேசப்படுவதில் பாதி தவறு. மாவுச்சத்து இருந்தாலே கலப்படம் என்கிறார்கள். அறிக்கையில் ஒரு எண் இருந்தால், தராசில் நிறுத்த எடையைப் போல அதை எடுத்துக் கொள்கிறார்கள். உண்மையில் அந்த எண் ஒரு நீல நிறத்தின் ஆழம். எப்படி வேகவைத்தோம், எந்த மாவோடு ஒப்பிட்டோம், எதற்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டோம் என்பது தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. பெரியம்மாவுக்கு அன்று அடுப்படியில் சொன்னதை, கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

மூன்று கிண்ணங்கள்

ஐசிங் சுகரில் மாவு இருப்பது உண்மைதான். மாவு போல அரைத்த சர்க்கரை ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். அதைத் தடுக்கப் பல தயாரிப்புகளில் 100க்கு 3 பங்கு வரை சோளமாவுச்சத்து சேர்ப்பார்கள். பாக்கெட்டில் அச்சிட்டிருப்பார்கள், எடுத்துப் படிக்கலாம்.

பழுப்புச் சர்க்கரையில் இருப்பது யாரும் போட்டதல்ல. கரும்பே கொண்டு வந்தது. வெள்ளைச் சர்க்கரை சுத்திகரிப்பில் இன்னொரு முறை கரைந்து, வடிந்து, மறுபடி படிகமானது. அங்கே மிச்சமிருந்ததில் பெரும்பகுதி போய்விடுகிறது.

அளவையும் பாருங்கள். ஆய்வகத்தில் இதைப் பி.பி.எம். என்று சொல்வோம். பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு என்று பொருள். ஒரு கிலோவில் பத்து லட்சம் மில்லிகிராம் இருப்பதால், ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்றும் சொல்லலாம். பழுப்புச் சர்க்கரையில் 150 பி.பி.எம். மாவுச்சத்து இருந்தால், ஒரு கிலோவில் 150 மில்லிகிராம். ஏழெட்டு அரிசி மணியின் எடை. கலப்படம் செய்கிறவன் கிலோவுக்கு ஏழு அரிசி மணி போட்டு என்ன சம்பாதிப்பான்? 3 சதவீதம் மாவு சேர்த்த ஐசிங் சுகரில் அதே ஒரு கிலோவில் 30 கிராம் இருக்கிறது, 200 மடங்கு. அயோடின் இந்த இரண்டையும் காட்டிக் கொடுக்கிற அளவுக்குக் கூர்மையானது. அதனால்தான் நிறம் வந்ததா இல்லையா என்பதோடு நிறுத்தாமல், எவ்வளவு நிறம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கரும்புக்குள் மாவு எப்படி வந்தது?

எல்லாப் பச்சைச் செடியும் பகல் வெளிச்சத்தில் சர்க்கரை செய்கிறது. அப்போதைக்குத் தேவைப்படாததைச் சேமிக்க வேண்டும். நெல்லும் சோளமும் உருளைக்கிழங்கும் அதை மாவுச்சத்தாகக் கட்டி வைக்கின்றன. கரும்பு விசித்திரமான செடி, பெரும்பகுதியைச் சர்க்கரையாகவே, அதாவது சுக்ரோஸாகவே, தண்டில் ஊற்றி வைக்கிறது. ஆனாலும் மாவு கட்டும் பழக்கத்தை அது முழுதாக விட்டுவிடவில்லை. இலையிலும், கணுவிலும், உச்சியில் வளர்ந்து கொண்டிருக்கும் கொழுந்தாடையிலும் சின்னச் சின்ன மாவுமணிகள் இருக்கும்.

மாவுச்சத்து என்பதை ஒரு முறை வரையறுத்துக் கொள்வோம். குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரை ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீளச் சங்கிலி அது. இனிக்காது. பச்சைத் தண்ணீரில் கரையாது.

எந்தக் கரும்பு எவ்வளவு மாவு கொண்டு வரும் என்பது ரகத்தைப் பொறுத்தது, முதிர்ச்சியைப் பொறுத்தது, எவ்வளவு சோகையும் (கரும்பின் காய்ந்த இலை) கொழுந்தாடையும் சேர்ந்து ஆலைக்கு வருகிறது என்பதையும் பொறுத்தது. தீ வைத்து வெட்டிய கரும்பில் சோகை எரிந்து போயிருக்கும். பச்சையாக வெட்டி இலையோடு ஏற்றினால் மாவுச்சத்து கூடும். எங்கள் தாத்தா காலத்தில் நேட்டால் முழுக்க நின்றது உபா என்ற ரகம். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக முதல் ஆட்கள் வந்து இறங்கிய காலத்தில் அது இங்கே கிடையாது. 1880களில் வந்து, அடுத்த ஐம்பது வருஷம் வயல்களை நிறைத்தது. நோயைத் தாங்கும், குறைந்த மழையிலும் நிற்கும். ஆனால் மெல்லியது, வெட்டுகிறவன் கையைக் கிழிக்கும், சாற்றில் மாவுச்சத்தும் அதிகம். அதைத் தெளியவைக்க ஆலைக்காரர்கள் பட்ட பாட்டைப் பழைய ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1930களில் புதிய ரகங்கள் வரத் தொடங்கிய பிறகுதான் உபாவின் காலம் முடிந்தது.

கூழ் காய்ச்சுகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம்

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது டர்பனில் எல்லாத் தமிழருக்கும் தெரியும். இங்கே கேழ்வரகுக்குப் பதிலாகப் பெரும்பாலும் சோளமாவுதான். மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்தால் என்ன ஆகிறது? பால் போலக் கலங்கி, கொஞ்ச நேரத்தில் அடியில் உட்கார்ந்துவிடும். அடுப்பில் ஏற்றிக் கிண்டினால், கொதி வருவதற்கு முன்பே திடீரென்று கரண்டி கனக்கும். மாவுமணிகள் தண்ணீரைக் குடித்து, உப்பி, வெடித்து, உள்ளிருந்த சங்கிலிகளை வெளியே விட்டுவிட்டன. தமிழில் இதற்கு அழகான சொல் ஏற்கெனவே இருக்கிறது: வேகுதல். பெரும்பாலான மாவுகளுக்கு இது 60 முதல் 75 டிகிரி செல்சியஸுக்குள் நடக்கிறது.

சர்க்கரை ஆலைக்குள்ளும் இதேதான் நடக்கிறது. கரும்பைச் சிதைத்துச் சாறு எடுக்கும்போது மாவுமணிகளும் சாற்றோடு வருகின்றன. அழுக்கைத் தெளியவைக்க சுண்ணாம்பு சேர்த்துச் சாற்றைக் கொதிநிலைக்குச் சூடாக்குவார்கள். மாவு வெந்துவிடும். வெந்த மாவு சாற்றில் கரைந்து நிற்பதால், மண்ணும் மெழுகும் கீழே படிவது போல அது முழுதாகப் படியாது. சாறு ஆவியாக்கிகளில் சுண்டி பாகாகிறது, பாகு வெற்றிடப் பாத்திரத்தில் படிகமாகிறது. மாவுச்சத்தில் ஒரு பங்கு, படிகமாகாமல் மிஞ்சும் பாகான மொலாசஸுக்குப் போகும். ஒரு பங்கு வளரும் படிகத்துக்குள்ளேயே சிக்கிக் கொள்ளும்.

சுருக்கமாக: மாவு வயலிலிருந்தே வருகிறது, ஆலையின் சூட்டில் வேகிறது, கரைந்த வடிவத்தில் சர்க்கரை வரை ஒட்டிக்கொண்டு போகிறது.

ஏழு அரிசி மணிக்கு ஏன் இவ்வளவு கவலை?

சாப்பிடுகிறவருக்கு ஒரு கெடுதலும் இல்லை. சோறு சாப்பிடும் நாம் மாவுச்சத்துக்குப் பயப்படவும் முடியாது. தொல்லை சுத்திகரிப்பாலைக்கு.

சுத்திகரிப்பாலைகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. கச்சா சர்க்கரையை, அதாவது ஆலையிலிருந்து வரும் சுத்திகரிக்காத சர்க்கரையை, கரைத்து, சுண்ணாம்பு சேர்த்து, அதில் கரியமில வாயுவை விடுவார்கள். சாக்குக்கட்டி போன்ற வெள்ளைத் துகள்கள் உருவாகி, நிறத்தையும் அழுக்கையும் தங்களோடு இழுத்துக் கொள்ளும். அதைத் துணியில் வடிகட்டுவார்கள். துகள்கள் மணல் போல இருந்தால் பாகு சுலபமாக இறங்கும். மாவுச்சத்து இருந்தால் துகள்கள் சரியாக வளராது. மணலுக்குப் பதில் களிமண் போலத் துணியை அடைத்துவிடும். கஞ்சி போட்ட புடவையில் காபி வடிகட்டிப் பார்த்தால் புரியும்.

1950களிலும் 60களிலும் நேட்டால் கச்சா சர்க்கரை மீது வெளிநாட்டுச் சுத்திகரிப்பாளர்கள் சொன்ன பெரிய குறை இதுதான்: வடிய மாட்டேன் என்கிறது. காரணங்களைத் தேடியபோது மாவுச்சத்து முன்னால் வந்து நின்றது. 1949இல் டர்பனில் தொடங்கிய சர்க்கரை ஆலை ஆய்வு நிறுவனத்தில் இதற்காக நிறைய உழைத்தார்கள். நாங்கள் அதை எஸ்.எம்.ஆர்.ஐ. என்போம். அவர்கள் வகுத்த மாவுச்சத்து அளவிடும் முறை இந்த நாட்டுக்கு வெளியேயும் அந்தப் பெயரிலேயே அறியப்படுகிறது. நம் ஊர்க் கரும்பின் தொல்லையிலிருந்து பிறந்த முறை என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

தீர்வில் ஒரு பாதி கரும்பிலேயே இருந்தது. சாற்றில் இயற்கையாகவே அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. நொதி என்றால் உயிரிகள் செய்து வைக்கும் வேலையாள் பொருள். அமைலேஸின் வேலை மாவுச்சங்கிலியைத் துண்டு போடுவது. நம் எச்சிலிலும் அது உண்டு, சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது அதனால்தான். சாற்றை உடனே கொதிக்க விடாமல், 70 டிகிரிக்குச் சற்று மேலே சில நிமிஷம் நிறுத்தி வைத்தால் மாவு வெந்து இளகும், நொதியும் சாகாமல் இருக்கும். வெட்டு வேலை நடக்கும். பிறகு பாக்டீரியாவிலிருந்து எடுத்த அமைலேஸை வாங்கி ஆவியாக்கியில் சேர்க்கும் வழக்கமும் வந்தது.

அயோடின் ஏன் நீலமாகிறது?

இனி அளவிடுதலின் இதயத்துக்கு வருவோம். இந்த இடத்தில் நிதானமாக இருங்கள், மற்ற எல்லாக் குழப்பமும் இங்கிருந்துதான் கிளைக்கிறது.

மாவுச்சத்து இரண்டு வகைச் சங்கிலிகளின் கலவை. ஒன்று அமைலோஸ், கிளையில்லாத நீளமான சங்கிலி. மற்றது அமைலோபெக்டின், மரம் போல் கிளை விட்டது. அமைலோஸ் தண்ணீரில் நேராக நீட்டிக் கொண்டு கிடக்காது. பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் போலச் சுருண்டு கொள்ளும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 6 குளுக்கோஸ். அந்த ஸ்பிரிங்கின் நடுத்துளை, அயோடின் அணுக்கள் வரிசையாக நுழைந்து உட்காரச் சரியான அகலம். நுழைந்த அயோடின் வரிசை, வெளியே இருந்தபோது விழுங்காத செம்மஞ்சள், சிவப்பு ஒளியை விழுங்கத் தொடங்குகிறது. மிஞ்சிய ஒளி நம் கண்ணுக்கு நீலம்.

ஸ்பிரிங் எவ்வளவு நீளமோ, அவ்வளவு ஆழமான நீலம். 45 குளுக்கோஸுக்கு மேல் நீண்டால் நல்ல நீலம். 35, 40 என்றால் ஊதா. 20, 30 என்றால் சிவப்பு. 12க்குக் கீழே போனால் நிறமே வராது. அமைலோபெக்டினின் கிளைகள் குட்டையானவை, அதனால் அது செவ்வூதா நிறம்தான் தரும், அதுவும் மங்கலாக.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. அயோடின் மாவின் எடையைப் பார்ப்பதில்லை. நீளமான சுருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறது. ஒரே எடையுள்ள இரண்டு மாவு இரண்டு விதமான நீலம் தரலாம்.

நீலத்தை எண்ணாக்குவது

டீக்கடையில் ஆறு கண்ணாடித் தம்ளர் வரிசையாக வைத்து, முதலாவதில் ஒரு ஸ்பூன் தூள், அடுத்ததில் இரண்டு என்று ஆறு வரை போட்டு டீ வடித்ததாக வைத்துக் கொள்ளுங்கள். யாராவது ஏழாவது தம்ளரைக் கொண்டு வந்து, இதில் எத்தனை ஸ்பூன் என்று கேட்டால், வரிசையின் பக்கத்தில் வைத்து நிறம் பார்த்துச் சொல்லிவிடலாம். மாவுச்சத்து அளப்பது இதேதான். கண்ணுக்குப் பதில் ஒரு கருவி. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்று பெயர், ஒரு குறிப்பிட்ட நிற ஒளியைக் கரைசல் வழியே அனுப்பி, எவ்வளவு விழுங்கப்பட்டது என்று எண்ணால் சொல்லும்.

நாங்கள் செய்தது இப்படி. சர்க்கரையையோ சாற்றையோ அளந்து எடுத்து, கால்சியம் குளோரைடு கரைசலில் கொதிக்க வைப்போம். வேகாத மணி எதுவும் மிஞ்சாமல் எல்லாமும் கரைய வேண்டும், அந்த உப்பு அதற்கு உதவும். வேகாத மணியை அயோடின் கறுக்கச் செய்யும், ஆனால் தண்ணீர் முழுக்க ஒரே சீரான நிறம் வராது. பையனின் ஐசிங் சுகர் கிண்ணத்தில் நீலப் பொடி அடியில் படிந்தது இதனால்தான். படிந்த பொடியைக் கருவியால் அளக்க முடியாது.

அப்புறம் ஆறவிட வேண்டும். சூட்டில் ஸ்பிரிங் அவிழ்ந்துவிடும், அயோடின் வெளியேறும், நிறம் போய்விடும். ஆறிய பின் அசெட்டிக் அமிலம், அதாவது வினிகரின் புளிப்புப் பொருள், சேர்ப்போம். கடைசியாக அயோடைடு, அயோடேட் என்ற இரண்டு உப்புகள். இரண்டும் அமிலத்தில் சந்தித்தால் அந்த இடத்திலேயே அயோடின் பிறக்கும். ஏன் இந்தச் சுற்று வழி, அயோடினையே ஊற்றலாமே என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். அயோடின் கரைசல் பாட்டிலில் இருக்கும்போதே மெல்ல ஆவியாகி வலு குறையும். திங்கட்கிழமை இருந்த வலு வெள்ளிக்கிழமை இருக்காது. அயோடேட் அப்படிப் போகாது, எடை போட்டுக் கரைத்தால் ஒவ்வொரு முறையும் அதே அளவு அயோடினைத் தரும்.

கருவியில் சிவப்புப் பக்கத்து ஒளியைத் தேர்ந்தெடுப்போம், 600 முதல் 700 நானோமீட்டர் வரம்பில். நானோமீட்டர் ஒளியின் அலைநீளத்தைச் சொல்லும் அலகு. பழுப்புச் சர்க்கரைக்குச் சொந்த நிறம் இருக்கிறது. அது விழுங்குவது பெரும்பாலும் ஊதா, நீலப் பக்கத்து ஒளி. சிவப்பு ஒளியில் பார்த்தால் பழுப்பு ஏறக்குறைய மறைந்து, அயோடின் நீலம் மட்டும் தெரியும். ஏறக்குறைய என்றுதான் சொல்கிறேன், முழுதாக மறையாது. அதனால் அதே கரைசலை அயோடின் சேர்க்காமல் ஒரு முறை அளந்து அந்த மிச்சத்தைக் கழிப்போம். இதற்கு வெற்றுச் சோதனை என்று பெயர். இதைச் செய்யாமல் விட்டால் கறுப்பான சர்க்கரைக்கெல்லாம் மாவுச்சத்து அதிகம் என்று வந்துவிடும்.

இந்தப் பகுதியின் சாரம்: முழுதாக வேகவை, ஆறவை, ஒரே அளவு அயோடின் கொடு, சிவப்பு ஒளியில் பார், சொந்த நிறத்தைக் கழி, தெரிந்த வரிசையோடு ஒப்பிடு.

இரண்டு ஆய்வகம், இரண்டு எண்

ஒரே மூட்டையிலிருந்து எடுத்த சர்க்கரைக்கு ஒரு ஆய்வகம் 120 என்றும் இன்னொன்று 170 என்றும் சொன்னால், யாரோ பொய் சொல்வதாக உடனே முடிவு கட்டுகிறார்கள். இரண்டு பேரும் ஒழுங்காக வேலை செய்திருந்தாலும் இப்படி வரலாம்.

டீத்தம்ளர் வரிசையை நினையுங்கள். அந்த வரிசையை எந்தத் தூளில் தயாரித்தீர்கள்? மாவுச்சத்து வரிசையைப் பலர் உருளைக்கிழங்கு மாவில் தயாரிப்பார்கள், சிலர் சோளமாவில். கடையில் சுத்தமாகக் கிடைப்பவை அவை, கரும்பு மாவு பாட்டிலில் கிடைக்காது. ஆனால் ஒவ்வொரு மாவிலும் அமைலோஸின் பங்கு வேறு. அதனால் நீலத்தின் ஆழமும் வேறு. உருளைக்கிழங்கு வரிசையோடு ஒப்பிட்ட கரும்பு மாவுக்கு ஒரு எண் வரும், சோளமாவு வரிசையோடு ஒப்பிட்டால் வேறொன்று. வேகவைக்கும் விதமும் வேறுபடும். சில முறைகளில் ஆல்கஹால் ஊற்றி மாவை முதலில் தனியே படியவைத்து, சர்க்கரையையும் நிறத்தையும் ஒதுக்கிவிட்டு அப்புறம் அளப்பார்கள். நியூ ஆர்லியன்ஸில் உள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சுட்டிக் காட்டினார்கள்: சாற்றில் மாத்திரம் இல்லாமல் பின்னால் வரும் பாகிலும் சர்க்கரையிலும்கூடக் கரையாத மாவு இருக்கிறது, பழைய முறைகள் அதைப் போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை என்று. அதை உடைக்க அவர்கள் நுண்ணலையையும் ஒலியலையையும் பயன்படுத்தினார்கள்.

என் கருத்து இதுதான்: முறையின் பெயரில்லாமல் வரும் மாவுச்சத்து எண்ணை வைத்து யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. கச்சா சர்க்கரையில் 250 பி.பி.எம். தாண்டினால் விலையைக் குறைக்கும் சுத்திகரிப்பாலைகள் அமெரிக்காவில் உண்டு. அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் சரக்குக்கு, எந்த முறையில் அளந்தார்கள் என்பது பணம்.

மாமாவின் கணக்கு

வெருலம் பக்கம் கரும்பு போட்டிருக்கும் என் மாமா ஒரு நாள் ஆலையின் அறிக்கை ஒன்றைக் கொண்டு வந்தார். அதில் இருந்ததைப் போன்ற உருண்டை எண்களை எடுத்துக் கொள்வோம். சாற்றில் மாவுச்சத்து 140. சர்க்கரையில் 150. "பாருமா, உள்ள போகும்போது 140, வெளிய வரும்போது 150. பத்து இவங்க சேர்த்ததுதானே?" என்றார். கோபமாகத்தான் கேட்டார்.

"மாமா, நூறு கிலோ சாறுல எவ்வளவு தண்ணி?" என்று கேட்டேன்.

சாற்றின் 100 பங்கில் கரைந்த திடப்பொருள் 14 என்று வைத்துக் கொள்வோம். இந்த அளவுக்குப் பிரிக்ஸ் என்று பெயர். மிச்சம் 86 பங்கு தண்ணீர். அந்த 140, தண்ணீரையும் சேர்த்த எடைக்குச் சொன்னது. தண்ணீரை விட்டுவிட்டுத் திடப்பொருளுக்கு மட்டும் கணக்கிட்டால் 140ஐ 0.14ஆல் வகுக்க வேண்டும். 1000 வரும். சர்க்கரையில் தண்ணீர் ஏறக்குறைய கிடையாது, ஆகவே 150 அப்படியே 150தான். 1000த்தில் 850 போய்விட்டது என்பதுதான் அந்த அறிக்கையின் செய்தி. மோருக்கும் தயிருக்கும் இருக்கிற வித்தியாசம் போல. தண்ணீரைக் கழிக்காமல் எது கெட்டி என்று பேச முடியாது. சாறு, பாகு, சர்க்கரை என்று கட்டம் கட்டமாக ஒப்பிடும்போது எப்போதும் பிரிக்ஸ் அடிப்படையில்தான் பேச வேண்டும்.

மாமாவுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது, மாவுச்சத்துக்காகத் தன் பணத்தில் பிடிக்கிறார்களா என்று. தென்னாப்பிரிக்காவில் 2000ஆம் ஆண்டு தொடங்கி விவசாயிக்கு ஆர்.வி. என்ற மீட்கத்தக்க மதிப்பை வைத்துப் பணம் தருகிறார்கள். சுக்ரோஸிலிருந்து, சுக்ரோஸ் அல்லாத கரைபொருளுக்கும் நாருக்கும் ஒரு பங்கு கழிப்பார்கள். அதில் மாவுச்சத்துக்கென்று தனிக் கழிவு கிடையாது. ஆனால் கொழுந்தாடையும் சோகையும் நிறைய ஏற்றினால் அந்த இரண்டு கழிவும் கூடும், மாவும் கூடவே வரும்.

சாப்பாட்டு வேளையில் காணாமல் போன மாவு

வேலையில் சேர்ந்த முதல் வருஷம் நான் செய்த தவறு ஒன்று இன்றும் மனதில் இருக்கிறது. காலையில் எடுத்த கரும்புச் சாறு, வெதுவெதுப்பாக இருந்தது. பாட்டிலில் பிடித்து மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து அளந்தால், முந்தின நாள் வந்ததில் பாதிகூட இல்லை. கரும்பு நன்றாக வந்திருக்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டேன். மேலே இருந்த அண்ணன் ஒருவர் கூப்பிட்டு, எத்தனை மணிக்குப் பிடித்தாய், எத்தனை மணிக்குக் கொதிக்க வைத்தாய் என்று இரண்டே கேள்வி கேட்டார். அப்போதுதான் புரிந்தது. சாற்றிலேயே அமைலேஸ் இருக்கிறது. நான் சாப்பிட்ட நேரத்தில் பாட்டிலுக்குள் அதுவும் சாப்பிட்டிருக்கிறது. சாற்றை எடுத்த உடனே கொதிக்க வைத்து நொதியைக் கொல்ல வேண்டும், அல்லது உறைய வைக்க வேண்டும்.

இதில் இன்னும் நுட்பமான ஒன்று இருக்கிறது. நொதி வெட்டியதும் மாவு மாயமாகிவிடுவதில்லை. நீளச் சங்கிலி குட்டைத் துண்டுகளாகிறது. துண்டு 12 குளுக்கோஸுக்குக் கீழே போனதும் அயோடினுக்கு அது தெரியாது. ஆகவே அறிக்கையில் மாவுச்சத்து 0 என்று வந்தாலும், அந்தத் துண்டுகள் பாகில் இருக்கும். வடிகட்டலுக்கு அவை அவ்வளவு தொல்லை தராது, அதனால் ஆலைக்கு அது வெற்றிதான். மாவுச்சத்தைப் பிரித்து எடுத்துவிட்டோம் என்று சொன்னால் மட்டும் அது சரியல்ல.

கூடச் சொல்ல வேண்டியது ஒன்று: டெக்ஸ்ட்ரான் என்ற பொருளையும் மாவுச்சத்தையும் பலர் ஒன்றாகப் பேசுகிறார்கள். இரண்டும் குளுக்கோஸ் சங்கிலிகள், இரண்டும் பாகைக் குழகுழப்பாக்கும். ஆனால் டெக்ஸ்ட்ரான், வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்து புளிக்கும்போது லூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியா சர்க்கரையைத் தின்று செய்வது. அதன் கோர்வை வேறு மாதிரி, அயோடினில் நீலமாகாது, அமைலேஸ் அதை வெட்டாது. மாவுச்சத்து கூடினால் ரகத்தையும் சோகையையும் பார்க்க வேண்டும். டெக்ஸ்ட்ரான் கூடினால் வெட்டிய கரும்பு எத்தனை நாள் கிடந்தது என்று கேட்க வேண்டும்.

இவ்வளவையும் அன்று அடுப்படியில் சொல்லவில்லை, பலகார வேலை இருந்தது. பெரியம்மா ஐசிங் சுகர் பாக்கெட்டைத் திருப்பி, கண்ணாடி போட்டுக் கொண்டு, சோளமாவு என்ற எழுத்தைத் தானே படித்தார். பையன் அதற்குள் அந்தக் கிண்ணத்தைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கிவிட்டான். நீலம் மங்கி மங்கிப் போய்விட்டது.

"சித்தி, மாவு போயிடுச்சு!" என்று கத்தினான்.

"போகல. எடுத்து ஜன்னல்கிட்ட வை, ஆறட்டும்" என்றேன்.

அதிரசம் இரண்டு ஈடு எடுத்து முடித்தபோது அவன் மறுபடி கூப்பிட்டான். கிண்ணத்தில் நீலம் திரும்ப வந்திருந்தது. இந்த முறை அடியில் பொடி இல்லை, தண்ணீர் முழுக்க ஒரே நிறம்.